எண்ணூற்று நாற்பது அங்குலம்

அத்தியாயம் 6

கதவு சாத்திய சத்தத்தை டைப்பிஸ்ட் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த சத்தம்தான் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வெளியே இரும்புத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்து, கொண்டியில் போய் ‘டக்’கென்று விழுந்தது.

“மேடம், இந்த ரூமுக்கு வேற கதவு இருக்கா?”

“இல்ல.”

“ஜன்னல்?”

“பூமிக்கு அடியில இருக்கோம், டைப்பிஸ்ட் சார்.”

“அதுவும் சரிதான். ஜன்னல் வெச்சாலும் மண்புழுதான் எட்டிப் பார்க்கும்.”

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் அவருடைய கை சட்டையின் மேல் பொத்தானைத் தானாகக் கழற்றியது. அந்த நேரம் பார்த்து விளக்கும் அணைந்தது. சுவிட்சும் வெளியேதான்.

டைப்பிஸ்ட்டுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு தடவை லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டதிலிருந்து, மூடிய அறை என்றாலே அவருக்கு நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். பயம் கூடக் கூட வாயில் ஜோக்கும் கூடும். சர்வேயரம்மாவுக்கு அது தெரியும். அவர் மூன்று ஜோக்கைத் தாண்டினால் தண்ணீர் கொடுப்பாள். ஐந்தைத் தாண்டினால் டாக்டரைத் தேடுவாள்.

இப்போது அவள் செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டாள். மூன்று இருபத்தைந்து. சிக்னல் இல்லை. வெளிச்சத்தில் நகரமைப்பு அலுவலக ரெக்கார்டு ரூமின் இரும்பு அலமாரிகள் வரிசையாக எழுந்து நின்றன. ஒவ்வொன்றிலும் கூரை வரைக்கும் ஃபைல்கள், கட்டுக்கட்டாக, தூசி படிந்து.

டைப்பிஸ்ட் கதவை இரண்டு கையாலும் தட்டினார். “ஹலோ! உள்ள ஆள் இருக்கு! ஹலோ!”

ரெக்கார்டு கிளார்க் மூன்று மணிக்கே பெர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். ‘பார்த்து முடிச்சதும் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் போனார். யாரோ அந்த வேலையை இவர்களுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம். இனி திங்கட்கிழமைதான் திறப்பாங்க. என் பொண்டாட்டி நிம்மதியா சீரியல் பார்ப்பா” என்றார் டைப்பிஸ்ட்.

“உட்காருங்க. மூச்சை மெதுவா விடுங்க. நமக்கு அஞ்சு மணிதான் கணக்கு.”

அந்த ஐந்து மணிதான் விஷயமே.

சர்வேயரம்மா பன்னிரண்டு வருஷம் அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்தவள். ஒரு எல்லைக் கல்லை நாலு அடி தள்ளி நடச் சொன்னார்கள்; மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்தவள். இப்போது நிலத் தகராறுகளை மட்டும் துப்பறிகிறாள். டைப்பிஸ்ட் முப்பத்தொரு வருஷம் பதிவு அலுவலக வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே மிஷினை வைத்துக்கொண்டு பத்திரமும் மனுவும் அடித்துக்கொடுத்தவர். கம்ப்யூட்டர் வந்து அவர் பிழைப்பில் மண் விழுந்தபோது, ‘காகிதத்தைப் பார்த்தா யார் அடிச்சதுன்னு சொல்லுவீங்களாமே’ என்று கேட்டு, சர்வேயரம்மா அவரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் ஒரு லேத் பட்டறைக்காரர். அப்பா விட்டுப்போன மனையில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறாள், தையல் வேலை செய்கிறாள். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், நகரமைப்பு அலுவலகம் வரைபடத்தில் ஒரு புது ரோட்டுக்குக் கோடு போட்டது. கோடு அந்த மனை உட்படப் பத்தொன்பது மனைகளின் மேலே ஏறிப் போனது. அதோடு சரி. ரோடு வரவே இல்லை. கோடு போடக் காசு வேண்டாம். ரோடு போடத்தான் காசு வேண்டும்.

ஆனால் கோடு விழுந்த நிலம் விழுந்ததுதான். விற்க முடியாது. மாடி எழுப்ப அனுமதி இல்லை. ‘நாளைக்கே அரசாங்கம் எடுத்துக்கும் சார்’ என்று பேங்க்காரன் கடன் தர மாட்டான். அரசாங்கம் எடுத்துக்கொண்டாலும், கோடு போட்ட அன்றைய விலைதான் தரும். பக்கத்துத் தெருவில் நிலம் முப்பது மடங்கு ஏறிவிட்டது. இந்தப் பத்தொன்பது மனைகள் மட்டும் அன்றைய விலையிலேயே உறைந்துபோய்க் கிடந்தன.

சட்டத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. ஏழு வருஷத்துக்குள் அரசாங்கம் நிலத்தை எடுக்காவிட்டால், கோடு தானாகச் செத்துப்போகும். அதற்குள் பத்தொன்பதில் ஏதாவது ஒரு மனையின் சொந்தக்காரரோ, அங்கே குடியிருப்பவரோ, ‘நீங்கள் தரப்போகும் விலை போதாது’ என்று ஆட்சேபணை கொடுத்தால் மட்டும், விசாரணை என்று ஆரம்பித்து எல்லா மனைக்கும் ஏழு வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

முதல் ஏழு வருஷம் முடியும் வாரத்தில் ஓர் ஆட்சேபணை வந்தது. இரண்டாவது ஏழு முடியும்போதும் வந்தது. மூன்றாவது ஏழு இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிகிறது. நேற்று மத்தியானம் மறுபடியும் வந்துவிட்டது. மூன்றுமே பதினாலாம் நம்பர் மனைக்காரர் பெயரில். அவர் வெளிநாட்டில் இருக்கிறார். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே பல வருஷம். யாரோ அவர் பெயரில் பொய்யாகக் கொடுக்கிறார்கள் என்று ஐந்து மணிக்குள் காட்டினால் ஆட்சேபணை தள்ளுபடி. காட்டாவிட்டால் இன்னும் ஏழு வருஷம்.

“பட்டறைக்காரருக்கு அம்பத்திரண்டு வயசு. இன்னும் ஏழு வருஷம் போனா அவர் லேத்தும் அவரும் ஒண்ணா துருப்பிடிச்சுடுவாங்க” என்றார் டைப்பிஸ்ட். “நம்மளைப் பூட்டினது லாரி முதலாளிதான் மேடம். சந்தேகமே வேண்டாம். உறைஞ்சுபோன மனைகள்ல ஏழு மனையை அடிமாட்டு வாடகைக்கு எடுத்து லாரி நிறுத்தியிருக்கான். கோடு செத்தா வாடகை எகிறிடும். மாடிப்படியில நம்மளைப் பார்த்துட்டு எப்படிச் சிரிச்சான், கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன். ஆனா அவன் எதுக்கு அடுத்தவன் பேர்ல ஒளியணும்?”

“திருடன் ஒளியாம?”

“அவன் வாடகைக்காரன். அங்க இருக்கிறவன். அவன் பேர்லயே ஆட்சேபணை கொடுக்கலாம், சட்டமே அனுமதிக்குது. தைரியமா, கையெழுத்துப் போட்டு, காலரைத் தூக்கிவிட்டுட்டுக் கொடுக்கலாம். பொய்ப் பேர் எழுதி ஜெயிலுக்குப் போற வேலையை வியாபாரி செய்ய மாட்டான்.”

டைப்பிஸ்ட் யோசித்தார். யோசனை நெஞ்சுக்குள் உட்கார்ந்தவனைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தது. “அப்போ யாரு?”

“தேடத்தானே வந்தோம். ஃபைலைப் பிடிங்க.”

செல்போனில் பதினெட்டு சதவீதம் சார்ஜ். அவள் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, அவர் ஃபைலை மடியில் விரித்தார். மேலாக நேற்றைய கடிதம், கடையில் பிரிண்ட் எடுத்தது. அதன் கீழே ஏழு வருஷத்துக்கு முந்தையது, அதுவும் கம்ப்யூட்டர். அதற்கும் கீழே, பழுத்த காகிதத்தில், பதினாலு வருஷத்துக்கு முந்தைய முதல் கடிதம். டைப்ரைட்டர்.

அதைப் பார்த்ததும் அவர் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

“என்ன?” என்றாள் சர்வேயரம்மா.

“இந்த ‘ற’வைப் பாருங்க. வால் ஒடிஞ்சிருக்கு. எல்லா ‘ற’வும் அப்படித்தான்.” தாளைக் கீழே வைத்தார். “என் மிஷின் மேடம். நான் அடிச்ச லெட்டர் இது.”

எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது.

“யாருக்கு அடிச்சீங்க?”

“ஒரு நாளைக்கு இருபது பேர் வருவாங்க. முப்பத்தொரு வருஷம். முகமா ஞாபகம் இருக்கும்? துப்பறியப் போன இடத்துல முதல் துப்பு நானேன்னு ஆகிப்போச்சு. கைவிலங்கு இருந்தா கொடுங்க, நானே மாட்டிக்கிறேன்.”

“அது நாலாவது ஜோக்” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “குடிச்சுட்டு லெட்டரைப் படிங்க. சத்தமா.”

படித்தார். அனுப்புநர், பெறுநர், பொருள். விலை போதாது என்று நாலு வரி. பிறகு மனையின் விவரம். “கிழக்கே பார்த்த மனை. முகப்பு எண்ணூற்று நாற்பது அங்குலம்.” அவர் நிறுத்தினார். “அங்குலமா? நிலத்தை யார் அங்குலத்துல எழுதுவாங்க?”

“நான் அளந்த காலத்துல ஒருத்தரும் எழுதினதில்ல. மத்த ரெண்டு லெட்டர்ல?”

அவசரமாகப் புரட்டினார். “எண்ணூற்று நாற்பது அங்குலம். எண்ணூற்று நாற்பது அங்குலம். அடியில எழுதத் தெரியாத ஆளா இருக்கும். நிலத்துக்குச் சட்டையா தைக்கப் போறான்?”

சொன்னவர் அப்படியே உறைந்துபோனார். வாய் திறந்தபடி இருந்தது. டார்ச் வெளிச்சம் கடிதத்திலிருந்து அவர் முகத்துக்கு ஏறியது.

“டைப்பிஸ்ட் சார்?”

“இதே ஜோக்கை நான் முன்னாடி அடிச்சிருக்கேன் மேடம்.”

“எப்போ?”

“இந்த லெட்டரை அடிக்கும்போது. ‘நிலத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா’ன்னு கேட்டேன். எதிர்ல நின்னவங்க சிரிக்கல. எனக்கு முகம் மறந்துபோகும். என் ஜோக்குக்குச் சிரிக்காம நின்னது மட்டும் மறக்காது. ஒரு பொம்பளை. ‘ஆமா, தையல்காரிதான், அடிங்க’ன்னாங்க. கழுத்துல டேப் தொங்கிச்சு. கடையிலருந்து அப்படியே எழுந்து வந்திருப்பாங்க போல.”

“டேப் எத்தனை அங்குலம்?”

“என்ன மேடம் கேள்வி இது? எல்லா டெய்லர் டேப்பும் அறுபதுதான்.”

“எண்ணூற்று நாற்பதை அறுபதால வகுங்க.”

உதடு அசைந்தது. “பதினாலு.”

“பதினாலு தடவை டேப்பை வெச்சு வெச்சு அளந்திருக்காங்க. அடுத்தவங்க மனையை, குனிஞ்சு, வேலி ஓரமா.” சர்வேயரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். “நேத்து பட்டறைக்காரர் வீட்டுக்குப் போனோமே, தண்ணி கொடுத்தது யாரு?”

“அவரோட அக்கா” என்ற டைப்பிஸ்ட்டுக்குச் சட்டென்று எல்லாம் கண்முன் வந்தது. கழுத்தில் மஞ்சள் டேப். அதிகம் பேசாத முகம். தம்ளரைத் திருப்பி வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: ‘நாளைக்கு எத்தனை மணிக்கு ஆபீசுக்குப் போறீங்க?’

“சொந்தத் தம்பி மனையையா மேடம்? எதுக்கு?”

“எதுக்குன்னு தெரியல. ஏன் ஒளிஞ்சாங்கன்னு தெரியும். ஒரு ஆட்சேபணை வந்தா, கொடுத்தவரைத் தவிர மத்த மனைக்காரங்க எல்லாருக்கும் அதோட நகல் போகும். அவங்க பேர்ல கொடுத்தா தம்பி படிப்பார். லாரிக்காரனுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அக்காவுக்கு உண்டு.”

டைப்பிஸ்ட் ஃபைலின் கடைசித் தாளைத் திருப்பினார். அங்கே ஒரு கவர் குத்தியிருந்தது. பதினாலாம் நம்பர் மனைக்காரருக்கு அலுவலகம் வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பிய வழக்கமான நோட்டீஸ், திரும்பி வந்திருந்தது. முத்திரையில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. மேலே கையால் எழுதியிருந்ததை அவர் மெதுவாகப் படித்தார்.

“பெறுநர் காலமானார்.”

“நேத்து கையெழுத்துப் போட்டவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு” என்றாள் சர்வேயரம்மா. “அவ்வளவுதான். கேஸ் முடிஞ்சுது. இதை மேல கொண்டுபோய் கவுண்ட்டர்ல வெச்சா போதும்.”

“மேல எப்படிப் போறது? நாமளும் கவர்ல போட்டுத் திரும்பி வரணுமா?” மணி நாலு ஏழு. காற்று கனத்துவிட்டது. டைப்பிஸ்ட்டுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தூசியா பயமா என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் சுவர்கள் ஒரு விரல்கடை நெருங்கி வருவது போலிருந்தது. கையை நீட்டி அலமாரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

சர்வேயரம்மா டார்ச்சை அணைத்தாள்.

“ஐயோ, எதுக்கு மேடம்?”

“கதவுக்கு அடியில பாருங்க.”

கதவின் கீழே வெளி வராந்தாவின் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் இரண்டு இடம் இருண்டிருந்தது. பக்கத்துப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில். இரண்டு பாதங்கள். டைப்பிஸ்ட் மறுபடி இருமியபோது அவை அசைந்தன.

சர்வேயரம்மா கதவுக்குப் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அக்கா” என்றாள், எதிர்வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. “இன்னும் வெளியிலயேதான் இருக்கீங்களா?”

பாதங்கள் விலகின; திரும்பி வந்தன. பிறகு, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாழ்ந்த குரல் வந்தது.

“அஞ்சு மணிக்குத் திறந்துடுறேன். அவருக்கு ரொம்ப முடியலையா?”

“முடியலைன்னா அஞ்சு மணி வரைக்கும் எப்படி இருப்பார்?”

“தண்ணி இருக்கு என்கிட்ட. ஆனா கதவைத் திறக்காம எப்படிக் கொடுக்கிறது?” நிஜமாகவே அது அவளுக்குக் கவலையாக இருந்தது. பூட்டிவிட்டு ஓடிப்போகவும் மனம் வராமல், திறக்கவும் துணியாமல் நாற்பது நிமிஷமாக அங்கேயே காத்திருக்கிறாள் என்று டைப்பிஸ்ட்டுக்குப் புரிந்தது. இவ்வளவு சொதப்பலான வில்லியை அவர் எங்கும் பார்த்ததில்லை.

“எதுக்குக்கா இது?” என்றாள் சர்வேயரம்மா.

“அப்பா உயில் எழுதி வெச்சார். மனை தம்பிக்கு. எனக்கு ஒரு வரி. ‘மனையை விற்கும் நாள் வரையில் மகள் அந்த வீட்டில் குடியிருக்கலாம்.’ அவ்வளவுதான். நான் அப்போதான் புருஷன் வீட்டுலருந்து ஒரு பெட்டியோட திரும்பி வந்திருந்தேன்.” குரல் கொஞ்சம் நின்று வந்தது. “அடுத்த மாசமே கோடு விழுந்துச்சு. தெருவே தலையில கை வெச்சு உட்கார்ந்தது. விக்க முடியாதாம், விக்க முடியாதாம்னு எல்லாரும் புலம்பினாங்க. நான் உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு சந்தோஷப்பட்டேன். விக்க முடியாதுன்னா எனக்கு வீடு இருக்குன்னு அர்த்தம். மத்தவங்களுக்கு அது கோடு. எனக்குக் கூரை.”

“தம்பிகிட்ட பேசியிருக்கலாமே.”

“என்னன்னு? ‘உன் சொத்துல எனக்குப் பங்கு கொடு’ன்னா? கேட்டு, அவன் முகம் மாறிடுச்சுன்னா, அதுக்கப்புறம் அதே வீட்டுல எப்படி இருக்கிறது?”

டைப்பிஸ்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜோக் எதுவும் வரவில்லை.

“அக்கா, ஒரு விஷயம் கேளுங்க” என்றாள் சர்வேயரம்மா. “பதினாலாம் நம்பர்காரர் செத்துட்டார். ரெண்டு வருஷம் ஆச்சு. ஃபைல்லயே இருக்கு.”

பாதங்கள் இரண்டும் நின்ற இடத்தில் இறுகின.

“அஞ்சு மணி தாண்டினா விசாரணைன்னு தேதி போடுவாங்க. அவரோட வாரிசு வருவாங்க. செத்தவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார்னு கேள்வி வரும். போலீஸ் வரும். எண்ணூற்று நாற்பது அங்குலத்தை நாங்க ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சோம், அவங்களும் கண்டுபிடிப்பாங்க. அந்த வீட்டுல இருக்கணும்னு செஞ்சது, உங்களை வேற இடத்துல கொண்டுபோய் உட்கார வெச்சுடும்.”

கதவுக்கு அடியில் ஒரு பாதம் மட்டும் பின்னால் போயிற்று.

“உங்க தம்பி என் கட்சிக்காரர். அவர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல சொல்ற வாய் உங்களோடதா இருக்கலாம். நேத்து கவுண்ட்டர்ல ஒப்புகைச் சீட்டு கொடுத்தாங்களே, இருக்கா?”

“பர்ஸுல இருக்கு.”

“அஞ்சு மணிக்குள்ள அதைத் திருப்பிக் கொடுத்தா ஆட்சேபணை வாபஸ். கவுண்ட்டர்ல சீட்டைத்தான் பார்ப்பாங்க, முகத்தைப் பார்க்க மாட்டாங்க.”

மறுபக்கம் பர்ஸின் ஜிப் திறந்து மூடியது. ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்று. டைப்பிஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். எழுபத்து மூன்றில் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. வாசலில் அவள் நின்றாள், கையில் தண்ணீர் பாட்டிலோடு. முதலில் அதை டைப்பிஸ்ட்டிடம் நீட்டினாள். “மன்னிச்சுக்குங்க. உங்களுக்கு மூச்சுக் கோளாறுன்னு தெரியாது.”

“எனக்கே தெரியாதும்மா” என்றார் அவர், வராந்தாக் காற்றை இரண்டு நுரையீரலும் நிறைய வாங்கிக்கொண்டு.

மாடிப்படி ஏறியபோது மணி நாலு முப்பத்தைந்து. கவுண்ட்டர் எதிரே பெஞ்சில் பட்டறைக்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துள்ளி எழுந்தார்.

“மேடம்! எங்க போயிட்டீங்க? கிடைச்சுதா? யாரு, லாரிக்காரன்தானே?” பின்னால் வந்தவளைப் பார்த்தார். “அக்கா? நீ எங்க இங்க?”

அவள் பர்ஸைத் திறந்து சீட்டை எடுத்துக் காட்டினாள். “நான்தான்டா.”

அவருக்குப் புரியச் சில வினாடி ஆயிற்று. புரிந்ததும் முகத்தில் ரத்தம் ஏறியது.

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும்.”

“பதினாலு வருஷம்க்கா!” கவுண்ட்டர் கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்தார். பட்டறைக்காரர் குரலைத் தணித்தார். “ஒரு பெரிய மிஷின் வாங்க எத்தனை பேங்க் ஏறி இறங்கினேன்? நீதானே சோறு போட்டே, நீதானே ‘விடுடா, நல்ல காலம் வரும்’னே? வந்துடாம நீயே பார்த்துக்கிட்டியா?”

“ஆமா.”

“உன்னை வெளிய அனுப்பிடுவேன்னா நினைச்சே?”

“நீ அனுப்ப மாட்டே. விக்கிறவன் எங்கயும் அனுப்ப மாட்டான். வாங்குறவன்தான் அனுப்புவான்.”

உயிலை அவரும் படித்திருந்தார். அந்த ஒரு வரியை மட்டும் இருபத்தொரு வருஷமாக யோசித்ததே இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பத்திரண்டு.

சர்வேயரம்மா திரும்பி வந்த கவரை அவர் பக்கத்தில் வைத்தாள். “இது உங்களுக்கு. இதைக் கொடுத்தாலும் ஆட்சேபணை தள்ளுபடி ஆகும். ஆனா கையெழுத்து யாரோடதுன்னு கேட்பாங்க. சீட்டைத் திருப்பிக் கொடுத்தா யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. சீட்டு அவங்க கையில இருக்கு.”

பட்டறைக்காரர் கவரைத் தொடவில்லை. “என்னக்கா வேணும் உனக்கு?” என்றார், தரையைப் பார்த்து.

“அப்பா எழுதாததை நீ எழுது. பதிவேட்டுல என் பேரும் வரணும். பாதிக்கு.”

“சரி. திங்கட்கிழமை—”

“இன்னிக்கு.”

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவ்வளவு பிடிவாதத்தை அவள் முகத்தில் அவர் இதுவரை கண்டதில்லை போலும். எழுந்து கவுண்ட்டருக்குப் போனார். கோடு விழுந்த மனைகளின் உரிமைப் பதிவேடு இந்த அலுவலகத்தில்தான் இருந்தது.

“பேர் சேர்க்கிற மனு ஒண்ணு கொடுங்க சார்.”

கவுண்ட்டர் கிளார்க் கடிகாரத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒரு ஃபாரத்தைத் தள்ளினார். பட்டறைக்காரர் அவசரமாக எழுத ஆரம்பித்தார். முதல் கட்டத்திலேயே மை சிந்தியது. டைப்பிஸ்ட் பேனாவை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருஷ வேகம் விரலில் திரும்பி வந்தது. மனை எண், உரிமையாளர், சேர்க்கப்பட வேண்டியவர், உறவு: உடன்பிறந்த சகோதரி. பங்கு: சரிபாதி. தம்பி கையெழுத்துப் போட்டார். அக்கா போட்டாள். சர்வேயரம்மாவும் டைப்பிஸ்ட்டும் சாட்சி.

கிளார்க் ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். டைப்பிஸ்ட்டுக்கு மறுபடி நெஞ்சுக்குள் ஆள் வந்து உட்கார்ந்தான். நாலு ஐம்பத்து மூன்று. கிளார்க் எண் போட்டார், பதிவேட்டைத் திறந்தார், எழுதினார், ஊதினார், முத்திரை குத்தினார். நாலு ஐம்பத்தாறு.

“வேற ஏதாவது?” என்றபடி ஜன்னல் பலகையில் கையை வைத்தார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் சீட்டைக் கவுண்ட்டருக்குள் நீட்டினாள். கிளார்க் பிடித்து இழுத்தார். சீட்டு வரவில்லை. அவள் விரல்கள் அதை விடவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டே பதினாலு வருஷம் பழகிய விரல்கள்.

தம்பி திரும்பிப் பெஞ்சுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“அம்மா, நேரமாச்சு” என்றார் கிளார்க்.

விரல்கள் திறந்தன.

முத்திரை விழுந்தது. ‘வாபஸ்’. ஜன்னல் மூடியது. வாசல் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தான். இருபத்தொரு வருஷக் கோடு ஐந்து மணிக்குச் செத்துப்போனது; கட்டடத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

படியிறங்கும்போது பட்டறைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே செல்போனை எடுத்தார்.

“யாருக்கு?” என்றாள் அக்கா.

“பேங்க் மேனேஜருக்கு. திங்கட்கிழமை வரேன்னு சொல்லிடலாம். பட்டறைக்கு மேல ஒரு மாடி, பெரிய மிஷின்—”

“நான் இன்னும் சரின்னு சொல்லலையே.”

அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

“பாதி என்னோடது. கடன் பத்திரத்துல ரெண்டு கையெழுத்து வேணும். மாடி எவ்வளவு உயரம்? என் தையல் ரூமுக்கு வெளிச்சம் வருமா? மிஷின் எத்தனை மணி வரைக்கும் ஓடும்? அதெல்லாம் சொல்லு, அப்புறம் பேங்க்.”

“மேடம்” என்று பட்டறைக்காரர் பரிதாபமாகச் சர்வேயரம்மாவைப் பார்த்தார். அவள் கைக்குட்டையால் தலையிலிருந்த ரெக்கார்டு ரூம் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“கவர்மென்ட்டே தேவலை சார்” என்று டைப்பிஸ்ட் அவர் காதில் சொன்னார். “அது ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்.”

பட்டறைக்காரர் சிரித்தாரா, முனகினாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. வண்டியை எடுத்து வரப் போனார். அவர் நாலடி நகர்ந்ததும் அக்கா சர்வேயரம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“நீங்க நிலம் அளக்கிறவங்கதானே? பாதியைப் பிரிச்சுக் கல் போடணும். அளக்க வர்ற நாளை அவனுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லுங்க.”

“ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதான் சொல்லுவேன்.”

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“அப்போ காலையில ஆறு மணிக்கு வாங்க. அவன் எட்டுக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டான்.”